ஒரு 'அம்மா'வை நகலெடுக்க எத்தனை கேள்வி? - போனுக்குள் நடக்கும் நானோ நொடிப் போராட்டம்!

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'அம்மா' என்று டைப் செய்து அனுப்புகிறீர்கள். உங்களுக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால், அந்த ஒரு சொல் எதிர்முனையில் இருப்பவரின் திரையில் தெரிவதற்குள் பலமுறை நகலெடுக்கப்படுகிறது. கீபோர்டிலிருந்து செயலிக்கு ஒரு நகல், திரையில் காட்ட ஒரு நகல், போனில் சேமித்து வைக்க ஒரு நகல், நெட்வொர்க்கில் அனுப்ப ஒரு நகல், வழியில் இருக்கும் சர்வர்களில் இன்னும் சில நகல்கள்.

ஒவ்வொரு நகலுக்கும் ஆகும் நேரம் சில நானோ நொடிகள்தான். ஒரு நொடியில் 100 கோடி நானோ நொடிகள் இருக்கின்றன. 'இதைப் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா?' என்று தோன்றும். பார்க்கிறார்கள். உலகின் பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக இதற்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் எளிமையானது. கூகுளின் டேட்டா சென்டர்களைப் பற்றி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே பிராசஸர்கள் செலவிடும் நேரத்தில் 4 முதல் 5 சதவிகிதம்வரை வெறுமனே மெமரியில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பதற்கே போகிறது என்று தெரியவந்தது. தேடலும் இல்லை, வீடியோவும் இல்லை... வெறும் நகல்! அப்படி நகலெடுக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பெரிய கோப்புகள் அல்ல. பெயர், சொல், எண் போன்ற சின்னச் சின்னத் துண்டுகள்.

இந்தச் சின்ன வேலையில் எங்கே நேரம் வீணாகிறது, அதை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள், மிச்சம் பிடிக்கப் போய் எங்கே வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்பது சுவாரஸ்யமான கதை.

6 நிமிடம் காக்க வைத்த கேம்

முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஓர் உதாரணம். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்' கேமைத் திறந்தால், விளையாட்டு தொடங்க நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுப் புகார். புனைபெயரில் எழுதும் ஒரு புரோகிராமர், 2021 பிப்ரவரியில் இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் அந்தக் காத்திருப்பு 6 நிமிடம்.

கேமில் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. சுமார் 63,000 பொருட்கள், 10 மெகாபைட் எழுத்து. புரோகிராம் அதிலிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுத்துப் படித்தது. அதில் தவறில்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் படிக்கும் முன், 'மீதிப் பட்டியல் எவ்வளவு நீளம்?' என்று கடைசி எழுத்துவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. பஸ்ஸில் ஒவ்வொரு டிக்கெட் கிழிக்கும்போதும் கண்டக்டர் கடைசி சீட்வரை போய் ஆட்களை எண்ணிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அதேதான்! இது போதாதென்று, ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன், ஏற்கெனவே சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டும் பார்த்தது.

இந்த இரண்டையும் அவர் சரிசெய்தார். 6 நிமிடம், 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, மார்ச் மாதமே அப்டேட் கொடுத்தது. கண்டுபிடித்தவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

முடிவைத் தேடும் 'சி'

புரோகிராம் ஏன் திரும்பத் திரும்ப முடிவைத் தேடிப் போக வேண்டும்? நீளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாதா? இதற்கான பதில் 50 ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது.

இன்றும் போன், கம்ப்யூட்டர்களின் அடித்தளமாக இருப்பது 'சி' மொழி. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அதற்குப் பாட்டன் முறையான 'பிசிபிஎல்' மொழியில், ஒரு சொல்லைச் சேமிக்கும்போது அதன் நீளத்தை முதலிலேயே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. ஆனால், நீளத்தை எழுதக் கிடைத்த இடம் சின்னது. 8 பிட் இடத்தில் 255-க்கு மேல் எழுத முடியாது. இடையில் வந்த 'பி' மொழியில் கென் தாம்ஸன் இதை மாற்றினார். நீளத்தை எழுதுவதற்குப் பதில், சொல்லின் கடைசியில் 'முடிந்தது' என்று ஓர் அடையாளம். 'சி' மொழியும் அதே வழியில் போனது. சொல்லின் கடைசியில் ஒரு பூஜ்ய பைட். அதுதான் முற்றுப்புள்ளி.

இப்போது சொல் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஆனால், அதன் நீளம் தெரிய வேண்டும் என்றால், முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை நடந்து போய்த்தான் ஆக வேண்டும். 63,000 பொருட்களின் பட்டியலில் நடந்தது இந்த நடைதான்.

வேலையைவிடக் கேள்விக்கே நேரம்!

ஒரு சொல்லை நகலெடுக்கும் எளிய முறை இதுதான்: ஒரு பைட்டை எடு, புது இடத்தில் வை, 'முடிந்ததா?' என்று கேள். இல்லையென்றால் அடுத்த பைட். 13 பைட் இருந்தால் 13 முறை எடுத்து, 13 முறை வைத்து, 13 முறை கேட்க வேண்டும்.

கல்யாணப் பந்தியில் சாதம் பரிமாறுபவர், ஒவ்வொரு பருக்கையாக வைத்து 'போதுமா?' என்று கேட்டால் பந்தி எப்போது முடியும்?

இங்கே பிராசஸருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய சிப்கள் அவசரக்காரர்கள். 'முடிந்ததா?' என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். 'இன்னும் முடிந்திருக்காது' என்று தாங்களாகவே ஊகித்து, அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஊகம் சரியாக இருந்தால் நேரம் மிச்சம். தவறினால், செய்ததை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அதற்கு 15 முதல் 20 துடிப்புகள்வரை தண்டம். நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் சிப்பில் இது 5 முதல் 7 நானோ நொடி.

பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது இந்தத் தண்டம் ஒருமுறைதான் வரும். மொத்த வேலையில் அது கணக்கிலேயே வராது. ஆனால், சொற்கள் அப்படியல்ல. ஒன்று 5 பைட், அடுத்தது 18, அதற்கடுத்தது 9. எப்போது முடியும் என்று சிப்பால் ஊகிக்க முடிவதில்லை. நகலெடுக்க ஆகும் நேரத்தைவிட, தவறான ஊகத்துக்குக் கட்டும் தண்டம் அதிகமாகிவிடுகிறது. அதனால்தான், சின்னச் சொற்களை வேகமாக நகலெடுக்க வேண்டும் என்றால், கேள்விகளைக் குறைக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பொறியாளர்கள் வந்தார்கள்.

13 அடிக் கூடத்தில் 2 ஜமக்காளம்

கேள்வியைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, நம் வீட்டு விசேஷங்களில் செய்வதுதான்.

கூடம் 13 அடி நீளம். கையில் இருப்பவை 8 அடி ஜமக்காளம் இரண்டு. என்ன செய்வோம்? ஒன்றை இந்தச் சுவரை ஒட்டியும், மற்றதை அந்தச் சுவரை ஒட்டியும் விரிப்போம். நடுவில் 3 அடி ஒன்றின் மேல் ஒன்று வரும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கூடம் முழுக்க மூடிவிட்டது, வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

நகலெடுப்பதிலும் அப்படித்தான். பிராசஸரால் ஒரே நேரத்தில் 8 பைட்டைத் தூக்க முடியும். 13 பைட் சொல் என்றால், முதல் 8 பைட்டை ஒரு கையிலும், கடைசி 8 பைட்டை இன்னொரு கையிலும் எடுத்து, இரண்டையும் புது இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் 3 பைட் இரண்டு முறை எழுதப்படும், பரவாயில்லை. 13 கேள்விகளுக்குப் பதில், 'நீளம் 8-லிருந்து 16-க்குள் இருக்கிறதா?' என்ற ஒரே கேள்வி. 9 பைட்டானாலும் 14 பைட்டானாலும் இதே வழிதான். 4 முதல் 7 பைட்டுக்கு நாலு நாலாக இரண்டு, 16 முதல் 32-க்கு பதினாறு பதினாறாக இரண்டு. இன்றைய நகலெடுக்கும் புரோகிராம்கள் பலவற்றிலும் இந்த உத்தி இருக்கிறது.

நீளமே தெரியாமல் முற்றுப்புள்ளியை மட்டும் நம்பி இருக்கும் சொற்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 8 பைட்டை மொத்தமாக எடுத்து, சின்னக் கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டு, 'இந்த எட்டில் எங்காவது பூஜ்யம் இருக்கிறதா?' என்று ஒரே அடியில் பார்த்துவிடலாம். இதில் ஓர் ஆபத்து உண்டு. சொல் முடிந்த பிறகும் சில பைட்டுகளைச் சேர்த்துப் படிக்க நேரும். மெமரி பல கருவிகளில் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கம் இந்தப் புரோகிராமுக்கு அனுமதி இல்லாத பக்கமாக இருந்தால், தொட்டவுடன் செயலி நின்றுவிடும். அதற்காகவே, எட்டால் வகுபடும் இடத்திலிருந்து மட்டும் படிப்பார்கள். 4,096 எட்டால் வகுபடுவதால், அப்படிப் படிக்கும் எந்த 8 பைட்டும் பக்க எல்லையைத் தாண்டாது.

முருகனுக்கு இடமுண்டு... மீனாட்சிக்கு இல்லை!

நகலெடுக்க இடம் வேண்டுமே... அதைத் தேடுவதும் ஒரு வேலைதான். மெமரியில் புது இடம் கேட்டு வாங்க, நகலெடுப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதனால், 'சி++' மொழியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சின்னச் சொல் என்றால் தனி இடம் கேட்காமல், சொல்லைப் பற்றிய விவரம் இருக்கும் அதே சின்னப் பெட்டிக்குள்ளேயே சொல்லையும் வைத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் பயன்படும் சி++ நூலகத்தில் இந்தப் பெட்டி 24 பைட். அதில் சொல்லுக்கு 22 பைட்வரை இடம் உண்டு.

இங்கேதான் தமிழ் வருகிறது. இணையத்தில் பரவலாக இருக்கும் 'யுடிஎஃப்-8' முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறியீடு. மொத்தம் 15 பைட். 'தமிழ்' என்ற சொல்லும் அதே 15 பைட்தான்.

'முருகன்' 21 பைட். பெட்டிக்குள் மட்டுமட்டாக உட்கார்ந்துவிடும். 'மீனாட்சி' 24 பைட். பெட்டி போதாது, வெளியே தனி இடம் தேட வேண்டும். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்தான். ஆங்கிலச் சொற்களின் நீளத்தை மனதில் வைத்துச் செய்யும் சிக்கனம், தமிழுக்கு அதே அளவில் கிடைப்பதில்லை.

அதற்காக யுடிஎஃப்-8-ஐக் குறை சொல்லவும் முடியாது. 1992-ல் அதை வடிவமைத்தவர்களில் ஒருவர், முன்பு நாம் பார்த்த அதே கென் தாம்ஸன். இன்னொருவர் ராப் பைக். வேறு எந்த எழுத்தின் நடுவிலும் பூஜ்ய பைட் வராதபடி அதை அமைத்தார்கள். அதனால், முற்றுப்புள்ளி தேடும் பழைய 'சி' புரோகிராம்களுக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாவிட்டாலும், தமிழைப் பத்திரமாக நகலெடுத்துவிடுகின்றன. 

ஒரே நிபந்தனை, முழுதாக நகலெடுக்க வேண்டும். இடம் போதவில்லை என்று 3 பைட் குறியீட்டின் நடுவில் வெட்டினால், பெயரின் கடைசியில் கட்டமோ கேள்விக்குறியோ வந்து நிற்கும். சில படிவங்களிலும் செயலிகளிலும் தமிழ்ப் பெயர் அப்படி வால் அறுந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டில் கேட்ட இரைச்சல்

வேகத்தைத் தேடிப் போய் வம்பில் மாட்டிய கதை 2010 இறுதியில் நடந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு விநோதப் பிரச்னை. இணையதளங்களில் ஃபிளாஷ் பிளேயர் வழியே பாட்டுக் கேட்டால், இரைச்சலோடு கேட்டது.

காரணம், அந்த இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான 'ஜிலிப்சி'யில் 'மெம்காப்பி' என்ற நகலெடுக்கும் புரோகிராமை மாற்றியிருந்தார்கள். சில பிராசஸர்களில் பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுத்தால் வேகம் கூடும் என்பதால், அந்த மாற்றம்.

பின்னாலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? 1, 2, 3, 4, 5 என்று எண்கள் எழுதிய 5 கட்டங்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 முதல் 5 வரை உள்ளவற்றை இடதுபுறம் ஒரு கட்டம் தள்ளி எழுத வேண்டும். இடமிருந்து தொடங்கினால் 2, 3, 4, 5 என்று முதல் நான்கு கட்டங்களில் சரியாக வந்துவிடும். வலமிருந்து தொடங்கினால்? 4 இருந்த கட்டத்தில் 5 எழுதிவிடுவோம். அடுத்து 3 இருந்த கட்டத்தில் 4-ஐ எழுதப் போனால், அங்கே 4 இல்லை, 5 இருக்கிறது. கடைசியில் எல்லாக் கட்டத்திலும் 5! பாட்டு இரைச்சலானதும் இப்படித்தான்.

விதிப்படி பார்த்தால் தவறு ஃபிளாஷ் மீதுதான். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று வந்தால், 'மெம்காப்பி'யைப் பயன்படுத்தக் கூடாது, 'மெம்மூவ்' என்ற இன்னொன்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 'சி' மொழியின் விதி. நூலகத்தின் தரப்பில் இருந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இந்த விவாதத்தில் இறங்கினார். யார் விதியை மீறினார்கள் என்பது பாட்டுக் கேட்பவருக்குத் தேவையில்லை, நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் அவருடைய பிரச்னை என்பது லினஸின் வாதம்.

2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 பதிப்பில் சமரசம் பிறந்தது. பழைய புரோகிராம்கள் 'மெம்காப்பி'யைக் கூப்பிட்டால், அவற்றுக்கு ஆபத்தில்லாத 'மெம்மூவ்' முறையே கிடைக்கும். புதிதாக உருவாக்கப்படும் புரோகிராம்களுக்கு மட்டும் புதிய முறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சின்னச் சொற்களுக்கான இரண்டு ஜமக்காள உத்தியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. இரண்டு கையிலும் எடுத்து முடித்த பிறகுதான் வைக்கவே தொடங்குகிறோம். அதனால், எழுதும்போது எதுவும் அழிந்துபோவதில்லை. வேகமும் கிடைக்கிறது, ஆபத்தும் இல்லை.

கேட்க மறந்த ஒரு கேள்வி

கேள்விகளைக் குறைப்பது நல்லதுதான். ஆனால், கேட்டே ஆக வேண்டிய கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் உலகம் பார்த்தது.

இணையத்தில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றின் ரகசியத்தைக் காக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' நூலகத்தில் ஒரு வசதி இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு ஒரு சொல்லை அனுப்பும். கூடவே அதன் நீளத்தையும் சொல்லும். எதிர்முனை அதே சொல்லை நகலெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

'இதோ 15 பைட் சொல்' என்று சொல்லி 'அம்மா'வை அனுப்பினால், 'அம்மா' திரும்பி வரும். அதே சொல்லை அனுப்பி, 'இது 64,000 பைட்' என்று பொய் சொன்னால்? 'நீ அனுப்பியது நிஜமாகவே அவ்வளவு நீளமா?' என்று சர்வர் கேட்கவில்லை. 15 பைட்டையும், அதற்குப் பக்கத்தில் மெமரியில் என்ன இருந்ததோ அதையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுத்துவிட்டது. அதில் மற்றவர்களின் பாஸ்வேர்டு இருக்கலாம். சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். ஒரு தடவைக்கு 64 கிலோபைட்வரை, எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிக் கறக்கலாம்.

'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்ற இந்த ஓட்டை, 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து 2 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அது வெளிச்சத்துக்கு வந்த சில நாட்களில், கனடா நாட்டு வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இந்த ஓட்டை வழியே திருடப்பட்டன. அதை அடைத்தது, சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சில வரிகள். அந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நானோ நொடிகூட இருக்காது.

நமக்கு என்ன?

13 கேள்வியை ஒன்றாகக் குறைத்தால் வேகம். அந்த ஒன்றையும் விட்டுவிட்டால் திருட்டு. எது தேவையில்லாத கேள்வி, எது விடவே கூடாத கேள்வி என்று பிரித்துப் பார்ப்பதில்தான் அடித்தளப் புரோகிராம் எழுதுபவர்களின் திறமை இருக்கிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதிய நாலைந்து வரிகள், நம் போனில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த முறை போனில் 'பாதுகாப்பு அப்டேட் தயார்' என்று அறிவிப்பு வரும்போது, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடாதீர்கள். கேட்க மறந்த ஏதோ ஒரு கேள்வியை யாரோ ஒருவர் இப்போது சேர்த்திருக்கலாம். அம்மா, அப்பாவின் போனையும் வாங்கி, அதே அப்டேட்டைப் போட்டுக் கொடுங்கள்.